ராயக்கோட்டை மலையடியில் உண்ணிச்செடி

சித்திரை மாதம் வந்த வாசகர் கடிதங்களில் ஒன்று ராயக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்திருந்தது. பள்ளிக்கூட நோட்டுத் தாளில் நிதானமான கையெழுத்து. எழுதியவர் ஒரு பெண். கேள்வி இதுதான்:

'எங்கள் கறவை மாடு வெள்ளையும் கறுப்புமாக இருக்கும். நாலு நாளாகத் தீவனம் எடுக்கவில்லை, சாணியும் சரியாகப் போடவில்லை. கண் மஞ்சளாக இருக்கிறது. வெள்ளையாக உள்ள இடத்தில் மட்டும் தோல் வெடித்து உரிகிறது. கறுப்பான இடத்தில் ஒன்றுமே இல்லை. வெயிலில் கட்டினால் நிற்க மாட்டேன் என்கிறது. ஊரில் திருஷ்டி என்கிறார்கள். இது என்ன நோய்? என்ன வைத்தியம் செய்வது?'

நல்லவேளையாகக் கடிதத்தின் கீழே தொலைபேசி எண் இருந்தது. கேள்வி-பதில் பகுதியில் அச்சாகி வரும் வரை காத்திருக்கும் நோயில்லை இது. உடனே கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "மாட்டை எங்கேம்மா கட்டினீங்க?"

"எங்கண்ணா கட்டறது? காடெல்லாம் காஞ்சு கெடக்குது. வரப்போரம் பச்சையா இருந்துச்சு, அங்கதான் கட்டினேன்."

"வரப்போரம் என்ன செடி?"

"எல்லாம் உண்ணிமுள்ளுதான். அதை மாடு திங்காதேன்னு நெனச்சேன்."

மாட்டை உடனே நிழலுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, உண்ணிச்செடி தின்றிருக்கலாம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லச் சொன்னேன். மாடு பிழைத்துக்கொண்டது. ஆடி மாதம் முதல் மழை விழுந்த பிறகு அவரே கூப்பிட்டார். "மாடு நல்லாயிருக்குதுண்ணா. செடியை மொத்தமா வெட்டிப் போட்டேன். இப்ப மழை பேஞ்சதும் வெட்டின இடத்துலயே ரெண்டு மடங்கா வந்து நிக்குது. இதுக்கு என்ன பண்றதுன்னு நேர்ல வந்து பாத்துச் சொல்லுங்க."

அப்படிப் புறப்பட்டதுதான் இந்தப் பயணம்.

கம்பெனிப் பேருந்துகளுக்கு எதிர்த்திசையில்

ஓசூர் பேருந்து நிலையத்தில் காலை 6 மணிக்கெல்லாம் கூட்டம் நெரிகிறது. சீருடை போட்ட பையன்களும் பெண்களும் கம்பெனி வண்டிக்காக வரிசை வரிசையாக நிற்கிறார்கள். கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூரை நோக்கி வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த வேளையில் ராயக்கோட்டைப் பக்கம் போகிற பேருந்தில் மட்டும் உட்கார இடம் கிடைக்கும்.

ஊரைத் தாண்டியதும் சாலையோரத்தில் நாற்றுப்பண்ணைகள். ரோஜா, குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகக் குட்டைச் செடிகள் பூத்து நிற்கின்றன. லாண்டானா என்ற பெயரில் வீட்டுத் தோட்டத்துக்கு விற்கிறார்கள். நம் உண்ணிச்செடியின் வகைகள்தான் அவை. இன்னும் சில கிலோமீட்டர் போனால் சானமாவுக் காப்புக்காடு. அங்கே அதே குடும்பத்துச் செடி யாரும் வாங்காமல், யாரும் நடாமல், சாலையின் விளிம்பிலிருந்து காட்டுக்குள் கண் போகிற தூரம் வரை படர்ந்து கிடக்கிறது.

சானமாவு என்றால் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு யானை ஞாபகம்தான் வரும். ஒவ்வோர் ஆண்டும் ராகி கதிர் பிடிக்கிற சமயத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்கி வந்து, இந்தச் சிறிய காட்டில் பகலில் தங்கி, இரவில் வயலுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இரவுக் காவல் இல்லாத ராகிக் காடு கிடையாது.

உத்தனப்பள்ளியைத் தாண்டினால் தக்காளி வயல்கள். குச்சி நட்டுக் கயிறு கட்டிய வரிசைகள், சொட்டுநீர்க் குழாய்கள், இடையிடையே சாமந்தியும் பீன்ஸும். ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு ஓசூர், கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் அறிமுகம் தேவையில்லை. நான் இறங்கியபோது பெட்டிகளை லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விலை கேட்பது தமிழில், பேரம் தெலுங்கில், லாரி ஓட்டுநரோடு சண்டை கன்னடத்தில். ஒரே ஆள் மூன்றும் பேசுகிறார். எல்லை ஊர்களின் வழக்கம் இது.

கோட்டையும் செடியும்

ஊருக்கு மேலே நிற்கிற பாறை மலையில்தான் ராயக்கோட்டை. மைசூரிலிருந்து கிழக்கே பாராமகாலுக்கு இறங்குகிற வழியைக் காவல் காத்த கோட்டை. 1791-இல், திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், மேஜர் கௌடி தலைமையில் வந்த ஆங்கிலப் படை இதைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனியார் கைக்குப் போனது. நம் நிலவரிக் கணக்கில் ரயத்துவாரி என்கிற முறைக்கு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அடிப்படை போட்டதும் இந்தப் பாராமகால் சீமையில்தான். இன்று கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

அரைமணி நேரம் ஏறினேன். படிகளின் இரண்டு பக்கமும் உண்ணிப் புதர். சட்டைக் கையைப் பின்னுக்கு இழுக்கிற வளைந்த முட்கள். இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறுகிற காட்டு வாசனை. ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள் பூ, ஓரத்தில் சிவப்புப் பூ. இடிந்த சுவரின் கல் இடுக்கில்கூட வேர் விட்டிருக்கிறது. சின்னான் குருவி ஒன்று கறுத்த பழத்தைக் கொத்திக்கொண்டு பறந்தது. அது அடுத்து உட்காருகிற மரத்தடியில் அடுத்த மழைக்கு ஒரு செடி.

இந்தச் செடி நம் மண்ணில் பிறந்ததில்லை. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்துச் செடி. பூவின் அழகுக்காக ஐரோப்பியர் தங்கள் ஊருக்கு எடுத்துப்போய் வளர்த்தார்கள். அங்கிருந்து 1809 வாக்கில் கல்கத்தாவின் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. ராயக்கோட்டை பிடிபட்டு 20 ஆண்டு ஆவதற்குள், பிடித்தவர்களின் தோட்டத்துக்கு இந்தச் செடியும் வந்துவிட்டது. பங்களாக்களில் வேலிச் செடியாக வைத்தார்கள். வேலியில் நிற்கிற செடிக்குப் பறவை வராமல் இருக்குமா? ஒரு நல்ல புதர் ஆண்டுக்கு 12,000 பழம் வரை காய்க்கும் என்கிறார்கள். இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டுப் பரப்பில் இந்தச் செடி புகுந்திருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்குச் சொல்கிறது.

மலையிலிருந்து கீழே பார்த்தால் நிலவரம் தெளிவாகத் தெரிகிறது. உழுத நிலம் சிவப்பாக இருக்கிறது. பயிர் வைத்த நிலம் இளம்பச்சை. இரண்டுக்கும் நடுவே, மலையடி ஓரங்களிலும் ஓடைக் கரையிலும், கரும்பச்சையாகக் கட்டிக் கட்டியாகத் தெரிவது உண்ணி. நான் போக வேண்டிய வீடு அந்தக் கரும்பச்சையின் ஓரத்தில் இருந்தது.

கறுப்பு வெள்ளை மாடு

கொட்டகையில் நின்ற மாட்டை முதலில் பார்த்தேன். நெற்றியிலும் விலாவிலும் மடியிலும் வெள்ளை. அந்த இடங்களில் மட்டும் புது முடி குட்டையாக முளைத்து, தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கறுப்பு இடங்களில் முடி பளபளவென்று பழையபடி இருந்தது. யாரோ கோடு போட்டுப் பிரித்தது போல.

"திருஷ்டின்னு சொன்னவங்களைத் தப்பு சொல்ல முடியாதுண்ணா. கறுப்புல ஒண்ணுமில்ல, வெள்ளையில மட்டும் புண்ணுன்னா வேற என்னன்னு நெனைக்கறது?" என்றார் அந்த வீட்டு அம்மா.

வந்த மருத்துவர் அவருக்கு விளக்கியதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்கிறேன். உண்ணி இலையில் லான்டடீன் என்ற நஞ்சு இருக்கிறது. அது கல்லீரலைத் தாக்குகிறது. பித்தம் வெளியே போகிற வழி அடைபடுகிறது. அதனால்தான் கண் மஞ்சளாகிறது. மாடு தின்கிற பச்சைத் தீவனத்திலிருந்து வயிற்றில் உண்டாகும் ஒரு பொருள் எப்போதும் பித்தத்தோடு சேர்ந்து வெளியேறிவிடும். வழி அடைபட்டால் அது இரத்தத்தில் கலந்து தோலுக்கு வந்துவிடும். அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். கறுப்புத் தோல் வெயிலை மேலேயே தடுத்துக்கொள்கிறது. வெள்ளை முடிக்குக் கீழே இருப்பது வெளிறிய தோல், வெயில் நேரே இறங்குகிறது. புண் வெளியே தெரிகிறது, நோய் உள்ளே இருக்கிறது. மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் மட்டும் தடவிக்கொண்டிருந்தால் மாடு போய்விடும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. இந்த நஞ்சு ஏறினால் பெருவயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. தின்ற இலை அங்கேயே தங்கி, நாள்கணக்கில் நஞ்சு கசிந்துகொண்டே இருக்கும். தின்று இரண்டு நாள் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை என்று விட முடியாது. நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் மருந்துக்கரியைக் கரைத்து வயிற்றுக்குள் குழாய் வழியே செலுத்துவதும், நரம்பில் சத்துநீர் ஏற்றுவதும் மருத்துவர்கள் செய்கிற வைத்தியம். அது மருத்துவர் கையால் செய்ய வேண்டிய வேலை. அடுப்புக்கரியைக் கரைத்து மூங்கில் கொட்டத்தில் ஊற்றிப் பார்க்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் அதுவே மாட்டைக் கொன்றுவிடும்.

"எங்க மாமியார் காலத்து மாடுங்க இதைத் தொட்டதே இல்லையாம். இது மட்டும் ஏண்ணா தின்னுச்சு?"

நல்ல கேள்வி. மாட்டை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். மாசி மாதம், எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து. அங்கே கட்டுத்தறியிலேயே தீவனம் போட்டு வளர்த்த மாடு. மேய்ச்சல் தெரியாது, உண்ணி தெரியாது. இந்தச் செடியோடு பிறந்து வளர்ந்த மாடு வாசனையிலேயே ஒதுங்கிப் போகும். புதிதாக வந்த மாடும், பசி பொறுக்காத மாடும்தான் மாட்டிக்கொள்கின்றன. இந்த மாடு புதியது, பசியும் இருந்தது. வேறு பச்சை எதுவுமே கண்ணுக்குத் தெரியவில்லை.

மாட்டுக்கு வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது. பால் இரண்டு மாதம் அறவே நின்று, இப்போதுதான் பாதிக்கு வந்திருக்கிறது. வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அந்தச் சம்பளத்தில் தவணை கட்டினோம் என்றார். இதைச் சொல்லும்போது அவர் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

விட்ட இடத்தில் வந்த செடி

பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வயது 80-ஐத் தொட்டிருக்கும். செடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தார்.

"சின்னப் புள்ளையில இதோட கறுப்புப் பழத்தைத் தின்னுக்கிட்டுத்தான் மாடு மேய்ச்சேன். அப்பவும் இருந்துச்சு. ஆனா இப்படி இல்ல. மலையடியில அங்கொண்ணு இங்கொண்ணு. வெறகுக்கு வெட்டுவோம், வேலிக்கு வெட்டுவோம், பட்டி போட வெட்டுவோம். மாடு நூறு நடந்தா கன்னு எங்க நிக்கும்? இப்ப வெறகுக்குப் போறவன் யாரு? காஸ் வந்துடுச்சு. மாடு மேய்க்கறவன் யாரு? பசங்கல்லாம் கம்பெனிக்குப் போயிட்டாங்க. மேட்டு நெலத்தை உழாம விட்டு ஆறு வருசம் ஆச்சு. நாம உட்ட எடத்துல அது வந்து உக்காந்துக்கிச்சு."

நான் மலைமேல் நின்று பார்த்ததற்குப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் கணக்கு முடித்துவிட்டார். வெயில் படுகிற, யாரும் கையாளாத இடம் கிடைத்தால் உண்ணி அதைப் பிடிக்கும். தரிசு, வரப்பு, ஓடைக்கரை, மனைக்குப் பிரித்துக் கல் நட்டுப் போட்ட நிலம், சாலை போடத் தோண்டிய மண்மேடு. புதிய நான்கு வழிச்சாலை ஓரத்தில் கிளறிய மண்ணெல்லாம் இனி அதற்குத்தான். பிடித்த பிறகு அடியில் புல் முளைக்க விடாது. நிழலும் போடும், தன் இலைச் சாறாலும் மற்ற விதையின் முளைப்பை அடக்கும். புல் போனால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல் இல்லை. காட்டுக்குள் யானைக்கும் மானுக்கும் அதே கதிதான்.

"முன்னெல்லாம் ஆனை வந்தா கால் மைலுக்கு அந்தப் பக்கமே தெரியும். இப்ப வரப்போரம் புதர்ல நின்னாலும் தெரியாது. பன்னி அதுக்குள்ளயே குட்டி போடுது," என்றார் பெரியவர்.

தக்காளி போடுகிறவர்களுக்கும் இதில் சேதி உண்டு. இலைச்சுருட்டை நோயைப் பரப்பும் வெள்ளை ஈ ஒதுங்கி வாழும் செடிகளில் உண்ணியும் ஒன்று. வயலுக்குள் மருந்து அடித்துவிட்டு, வரப்பில் அதன் வீட்டைக் காத்து நிற்பதில் பயன் இல்லை.

வெட்டினால் ஏன் வருகிறது?

மத்தியானம் வரப்புக்குப் போனோம். சித்திரையில் அவர் கொடுவாளால் வெட்டிய அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் எட்டு, பத்துத் துளிர்கள் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தன. ஒரு பக்கம் தீ வைத்தும் பார்த்திருக்கிறார். அங்கேயும் அதே கதை.

தண்டும் வேரும் சேருகிற இடத்தில், மண்ணுக்குச் சற்று மேலும் கீழுமாக, ஒரு முண்டு இருக்கிறது. துளிர் எல்லாம் அந்த முண்டிலிருந்துதான் கிளம்புகின்றன. மண்ணுக்கு மேலே வெட்டினால் நாம் செய்வது கவாத்து. முருங்கையைக் கவாத்து செய்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உண்ணிக்கும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவரது குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் இதற்கு ஒரு முறையைச் செய்து காட்டினார்கள். மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை. புதரின் அடியில் மண்ணைச் சற்று விலக்கி, முண்டுக்குக் கீழே, அதாவது மண்மட்டத்திலிருந்து சுமார் 2 அங்குலம் ஆழத்தில், மூல வேரை மண்வெட்டியால் வெட்டிவிட வேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண் தொடாவிட்டால் முண்டு காய்ந்து செத்துவிடும். நிலம் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. மண்ணும் அதிகம் கிளறப்படாது. கிளறாத மண்ணில் பழைய விதை குறைவாகவே முளைக்கும்.

அன்றைக்கு மண் ஈரமாக இருந்தது. அம்மா கொடுவாளால் மேல் கிளைகளைக் கழித்தார். இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த வீட்டுக்காரர் மண்வெட்டி பிடித்தார். நான் கையில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு இழுத்துக் கவிழ்த்தேன். முதல் புதருக்குக் கால் மணி நேரம் ஆனது. பத்தாவது புதருக்கு ஐந்து நிமிடம். மாலைக்குள் 60 அடி வரப்பு சுத்தமானது. முதுகு பிடித்துக்கொண்டது உண்மை. ஆனால் கொடுவாளால் மேலோட்டமாக வெட்டவும் இதே வரப்புக்கு ஒரு நாள் ஆயிற்று என்றார் அம்மா. ஒரே நாள் கூலிதான். ஒன்று மூன்று மாதத்தில் திரும்பி வந்தது, மற்றது வராது.

பெரியவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பிடுங்கினா போதாதுப்பா. எடத்தைச் சும்மா உடாதீங்க. சும்மா உட்டா பழையபடி அதுதான் வரும்," என்றார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை அவரே சொல்லிவிட்டார்.

காவிரிக்கு அந்தப் பக்கமும் கூடலூரிலும்

பிடுங்கிய குச்சிகளை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சில ஊர்கள் நல்ல பதில் கண்டுபிடித்திருக்கின்றன. நம் மேலகிரி மலைக்குத் தெற்கே, காவிரியைத் தாண்டினால் மாதேஸ்வரன் மலை. மூங்கில் கிடைப்பது குறைந்துபோன அந்த ஊர்களில், சோலிகர் உள்ளிட்ட மலைவாழ் மக்கள் ஏட்ரீ என்ற பெங்களூர் ஆய்வு நிறுவனத்தின் பயிற்சியோடு உண்ணிக் குச்சியில் நாற்காலி, சோபா, கூடை செய்தார்கள். குச்சியை வேகவைத்தால் பட்டை எளிதாக உரியும், குச்சியும் வளையும். உளுத்துப்போகிற தொல்லையும் குறைவு.

நீலகிரியின் கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்துக் கைவினைஞர்கள் இதே குச்சியில் ஆளுயரத்துக்கு மேல் நிஜ அளவு யானைகளைச் செய்கிறார்கள். அந்த யானைக் கூட்டம் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றது. 2024-இல் அமெரிக்காவுக்கும் போனது. யானையின் மேய்ச்சலை அழித்த செடியிலிருந்தே யானை செய்து, அதில் கூலியும் சம்பாதிக்கிறார்கள்.

தமிழக அரசும் 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. காட்டுக்குள் அகற்றும் வேலை வனத்துறையின் மூலம் நடக்க வேண்டியது. காப்புக்காட்டில் உண்ணிதானே என்று நாமாகப் போய் வெட்டக் கூடாது, அனுமதி வேண்டும். நம் வரப்பும் நம் தரிசும் நம் பொறுப்பு.

வாசகருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும்

ராயக்கோட்டை வாசகரின் கேள்விக்குப் பதிலாக, அவருடைய வரப்பில் நின்று பேசியதையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மாடு தின்றுவிட்டால்: தீவனம் எடுக்காமை, மலச்சிக்கல், மஞ்சள் கண், மூக்கு நுனியில் வெடிப்பு, வெள்ளைத் தோலில் புண், நிழலைத் தேடி ஓடுவது ஆகியவை அடையாளங்கள். முதலில் மாட்டை இருட்டான நிழலில் கட்டுங்கள். குடிக்க நிறையத் தண்ணீர் வையுங்கள். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு 1962. எந்தச் செடி என்று தெரியாவிட்டால் ஒரு கிளையை ஒடித்துக் கையில் வைத்திருங்கள். மருந்து நடக்கும்போது பாலை எப்போது விற்கலாம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். ஆட்டுக்கும் இந்த நஞ்சு ஆகாது.

புதிய மாடு வாங்கினால்: கோடையில் புது மாட்டைப் பசியோடு வேலியோரம் கட்டாதீர்கள். வைக்கோலாவது சோளத்தட்டாவது போட்டு வயிறு நிறைந்த பிறகே வெளியே விடுங்கள். வரப்பில் எது நிற்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

குழந்தைகளுக்கு: கறுத்த பழத்தைப் பெரியவர் தின்ற கதையைக் கேட்டுப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். பச்சைக் காய் நஞ்சு. சின்னக் குழந்தைக்குப் பச்சைக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

அகற்றும் காலம்: மழை விழுந்து மண் இளகியதும், காய் பழுப்பதற்கு முன். முண்டுக்குக் கீழே வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்து, காய்ந்த பிறகு விறகாகவோ முள்வேலியாகவோ பயன்படுத்துங்கள். காய் இருக்கும் கிளையை வேறு இடத்துக்கு இழுத்துப்போகாதீர்கள். பறவை உட்காரும் மரங்களுக்கு அடியில் அடுத்த இரண்டு மழைக்காலமும் ஒரு நடை போய், முளைத்த கன்றுகளைக் கையாலேயே பிடுங்குங்கள். விரல் நீளத்தில் இருக்கும்போது பிள்ளைகள்கூடப் பிடுங்கிவிடலாம்.

அந்த இடத்தில்: அதே மழையில் எதையாவது விதையுங்கள். மேட்டு வரப்புக்கும் தரிசுக்கும் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் மானாவாரியில் தாங்கும். கொழுக்கட்டைப்புல் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். முயல்மசால் விதையின் தோல் கடினமானது. கொதிக்க வைத்து இறக்கிச் சற்று ஆறவிட்ட வெந்நீரில் 4 நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். வேலிதான் வேண்டுமென்றால் கிளுவை, நொச்சி, ஆடாதொடை போடுங்கள். விதைக்கும் ஆலோசனைக்கும் கிருஷ்ணகிரியை அடுத்த எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தையும், பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும், மத்திகிரி கால்நடைப் பண்ணையையும் கேட்டுப் பாருங்கள்.

இலைக்கு உபயோகம்: ஆடு மாடு தொடாத இலை என்பதால் ஐந்திலைக் கரைசலில் உண்ணி இலையைச் சேர்க்கிற இயற்கை விவசாயிகள் உண்டு. அதற்காகச் செடியை வளர்க்க வேண்டாம், பிடுங்கியதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஊறல் பானையை மாடு வாய் வைக்காத இடத்தில் மூடி வையுங்கள்.

மாலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கம்பெனி வண்டிகள் இப்போது ஓசூரிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டு திரும்பி வந்தன. அந்த அம்மா புதர் போன வரப்பில் பழைய சேலைத் துண்டில் கட்டி வைத்திருந்த விதையைத் தூவிக்கொண்டிருந்தார். கொழுக்கட்டைப்புல் விதையா என்று கேட்டேன்.

"அது வாங்கினப்புறம் போடறேண்ணா. இது வீட்ல இருந்த கொள்ளு. பெரியவர் சொன்னாரில்ல, எடத்தைச் சும்மா உடக் கூடாதுன்னு."

கொள்ளும் நல்லதுதான். கொடி படர்ந்து மண்ணை மூடும், மாட்டுக்கும் ஆகும். கார்த்திகையில் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வந்ததும் இந்தப் பக்கங்களில் போடுகிறோம்.